கட்டு ஊறும் இருபது நிமிடம்

2019 ஜூன் 17, திங்கட்கிழமை, காலை ஒன்பது மணி பத்து நிமிடம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சிறிய தேவாலயத்தின் பின்புறம் இருந்த கட்டுப் போடும் அறையில், முக்கால் அடி உயர முக்காலி ஒன்றில் முதன்முதலாக உட்கார்ந்தேன். வருகைப் பதிவேட்டில் நிமிடத்தையும் எழுத வேண்டும் என்பது அங்கே விதி. அதனால்தான் இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிகிறது.

அந்த வேலையிலிருந்து சென்ற மாதம் விலகினேன். இருபத்தாறு வயதில் பணி ஓய்வு என்றால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். ஆனாலும் ஆறு ஆண்டுகள் ஒரே அறையில் ஒரே வேலையைச் செய்தவளுக்குச் சொல்வதற்குக் கொஞ்சம் இருக்கும். வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல் வழியில் இளங்கலை முடித்தேன். இப்போது முழுநேர மாணவியாக முதுகலைத் தமிழ் இலக்கியம் படிக்கிறேன். என் இடத்துக்கு இரண்டு பெண்கள் வந்திருக்கிறார்கள். சாவியை ஒப்படைத்த அன்று அவர்களில் ஒருத்தி சுவரைக் காட்டிக் கேட்டாள்:

“அக்கா, இப்பத்தான் புண்ணுல ஒட்டாத கட்டு வந்துட்டுல்லா? பொறவு எதுக்கு ‘இருபது நிமிடம் ஊற வைக்கவும்’னு இன்னும் எழுதிப் போட்டிருக்கீய? அழிச்சிரவா?”

சுவரில் இருந்தது என் கையெழுத்து. பதிலை எழுதித் தருகிறேன் என்றேன். அதுதான் இது.

பயிற்சியைப் பற்றி விரிவாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆறு மாதம் கத்தரிக்கோலைக் கழுவினேன், காஸ் என்ற வலைத் துணியை மடித்தேன், பெயர் எழுதினேன். ராஜபாளையத்திலிருந்து காலை எட்டேகால் பேருந்து, மாலை நாலரைக்குத் திரும்பும் பேருந்து. அறையின் பொறுப்பாளர் ஸ்டெல்லா அக்கா. பட்டம் பெற்ற செவிலியர். அப்போது முப்பத்தெட்டு வயது இருக்கும். கத்தரிக்கோலின் முனையால் தட்டின் விளிம்பில் இரண்டு முறை தட்டினால் ‘அடுத்தவரைக் கூப்பிடு’ என்று பொருள். மூன்று முறை தட்டினால் ‘நீ செய்வது தப்பு’. நோயாளிகள் முன்னிலையில் எங்களைத் திட்டியதே இல்லை, தட்டியதோடு சரி. கதவு சாத்திய பிறகு திட்டுவார்.

முதல் நாளிலேயே மூன்று தட்டு வாங்கினேன். செட்டியார்பட்டியிலிருந்து வரும் சின்னத்தாயி என்ற அம்மாவுக்குக் கணுக்காலில் பல வருடப் புண். அக்கா கட்டைப் பிரித்ததும் எழுந்த வாடையில் என் கை தானாகத் துப்பட்டாவை இழுத்து மூக்கில் வைத்தது. அவர் சத்தமாகவே சொன்னார்:

“ஏட்டி, எனக்கும்தான் நாறுது. நான் எங்கிட்டுப் போயி மூக்கப் பொத்த?”

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நான் துப்பட்டாவை இடுப்பில் முடிந்தேன். ஆறு வருடமும் அது அங்கேயே இருந்தது.

எங்கள் முறை இது. கட்டுக்குக் கை வைப்பதற்கு முன்னால் நோயாளியைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டும். அவர் நாற்காலியில், நாம் முக்காலியில். நம் தலை அவர் தோளுக்கு மேல் போகக் கூடாது. மேலே சுற்றிய துணியை வெட்டி எடுத்த பிறகு, புண்ணின் மேல் காய்ந்து ஒட்டியிருக்கும் காஸில் உப்புநீரை ஊற்றி இருபது நிமிடம் காத்திருக்க வேண்டும். கண்ணால் மதிப்பிடக் கூடாது, சுவர்க் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். பிறகு இடுக்கியால் ஓரத்தைத் தூக்க வேண்டும். இழுத்தால் வந்துவிடும் போலிருந்தால் இழுக்கக் கூடாது, இன்னும் ஊற்ற வேண்டும். தானாகக் கழன்று வருவதுதான் சரி. ஏனென்றால் ஆறுகிற புண்ணில் முதலில் வளரும் சதை தக்காளித் தோலைவிட மெல்லியது; அது அந்தக் காஸின் கண்களுக்குள் நுழைந்து பிடித்துக்கொண்டிருக்கும். துணியை உரித்தால் அதுவும் சேர்ந்து உரியும்.

வாரம் ஒரு முறை, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளைப் புண்ணின் மேல் பிடித்து, அதன் ஓரத்தை மார்க்கர் பேனாவால் அப்படியே வரைந்து, தேதி போட்டு நோயாளியின் கோப்பில் வைப்போம். தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் புண் சுருங்குகிறதா விரிகிறதா என்று தெரிந்துவிடும். அதில் யாரும் யாரையும் ஏமாற்ற முடியாது. வரைபவர் மட்டும் நினைத்தால் முடியும்.

ஸ்டெல்லா அக்கா பிரசங்கம் செய்பவர் அல்லர். ஒரு வருடம் பெரிய வியாழனுக்கு முன்பு தேவாலயப் பணியாளரான கோயில்பிள்ளை வந்து, பாதம் கழுவும் சடங்குக்கு எங்கள் நோயாளிகளிலிருந்து இரண்டு பேர் வேண்டும் என்றார். “ஆனா சிஸ்டர், புண்ணு இல்லாத காலா இருக்கணும். அவிய வீட்டுலயே நல்லா சோப்புப் போட்டுக் கழுவிட்டு வந்துரச் சொல்லுங்க” என்றும் சேர்த்துக்கொண்டார். அக்கா தலையாட்டி அனுப்பிவிட்டு என்னிடம் திரும்பினார்.

“கழுவுன காலக் கழுவுறது பூசைல. கழுவாத காலக் கழுவுறது இங்க. ரெண்டுக்கும் ஆளு வேணும்ட்டி. நீ தண்ணிய எடு.”

அன்பு என்பதைப் பற்றி அந்த அறையில் நான் கேட்ட நீளமான பேச்சு அதுதான்.

இனி, எழுதத் தயங்கிய பகுதி.

மூன்றாம் ஆண்டு, தவக்காலத்தின் முதல் வாரம். அறுபத்தாறு வயதுக்காரர் ஒருவர் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கி, முன்பக்கம் வெட்டித் திறந்துவிட்ட செருப்பும் ஊன்றுகோலுமாக உள்ளே வந்தார். சர்க்கரை நோய். வலது பாதத்தின் அடியில், பெருவிரலுக்குக் கீழே, ஐந்து ரூபாய் நாணயம் கொள்ளும் பள்ளம். மதுரையில் அறுவை மருத்துவர் ஆறு வாரம் தவணை கொடுத்திருந்தார்: தினமும் சரியாகக் கட்டுப் போட்டு புண் சுருங்கினால் பாதம் பிழைக்கும், இல்லையென்றால் முன்பாதத்தை எடுத்துவிட வேண்டும். மகள் வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில் என்பதால் எங்களிடம் அனுப்பியிருந்தார்கள்.

பெயரைக் கேட்டேன்.

“ராமசுப்பு, தாயி. ராஜபாளையத்துல மில்லுல கேட் சூப்பர்வைசரா இருந்தேன். நீங்க எந்த ஊரு?”

“பக்கந்தான்” என்றேன்.

அவர் பெயரைச் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரியும். இடது புருவத்தை வெட்டிச் செல்லும் தழும்பைப் பத்து வயதில் பார்த்தேன். பள்ளி விடுமுறை நாள் அது. அம்மா அந்த மில்லில் நூல் சுற்றும் பிரிவில் இருந்தார். வேலை முடியும் நேரத்துக்கு அம்மாவை அழைத்துவர நான் வாசலில் நின்றிருந்தேன். இரண்டு நூல் கோன்கள் குறைகின்றன என்று சொல்லி, வரிசையில் இருந்த அம்மாவை மட்டும் இந்த மனிதர் வெளியே நிறுத்தினார். பையைத் தரையில் கவிழ்த்தார். சாப்பாட்டு டப்பா, சீப்பு, ஜெபமாலை. பிறகு ஆண்களும் பெண்களுமாக இருநூறு பேர் பார்க்க, முந்தானையை உதறிக் காட்டச் சொன்னார். அம்மா உதறினார். ஒன்றுமில்லை. “சரி, போ” என்றார். இரண்டு நாள் கழித்துக் கோன்கள் வேறு பிரிவில் கிடைத்தன என்று கேள்விப்பட்டோம். யாரும் வந்து சொல்லவில்லை. அம்மா அந்த வாசலுக்கு மறுபடி போகவில்லை. பேண்டேஜ் துணி உருட்டும் பட்டறை ஒன்றில் சேர்ந்தார். இன்றும் அங்கேதான் வேலை.

எங்கள் அறையில் மேலே சுற்றும் கட்டுத் துணிக்கு ஒரு வரலாறு உண்டு. தேவாலயத்துக்குத் துணி முழுச் சுருளாகத் தானமாக வரும். அதை நான்கு அங்குலப் பட்டையாக வெட்டி, சனிக்கிழமை மாலைகளில் அம்மா வீட்டில் உருட்டித் தருவார், கூலி இல்லாமல், காணிக்கையாக. திங்கட்கிழமை அந்தப் பையைப் பேருந்தில் மடியில் வைத்துக் கொண்டுவருவேன். அம்மா உருட்டினால் ஓரம் ஒரு நூல்கூட வெளியே தெரியாது.

முதல் நாள் ராமசுப்புவுக்கு ஸ்டெல்லா அக்காவே கட்டுப் போட்டார். தாளையும் அவரே வரைந்தார். மறுநாளிலிருந்து என் முறை. ஒரு வாரம் விதிப்படி செய்தேன். முகம் பார்க்காமல், கடிகாரம் பார்த்து. பள்ளத்தின் ஓரங்களில் சிவப்பாகப் புதுச் சதை ஏறியது.

இரண்டாம் வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. அக்கா மருந்து வாங்க வெளியே போயிருந்தார். உப்புநீரை ஊற்றினேன். அவர் ஊன்றுகோலை மடியில் கிடத்திக்கொண்டு, பக்கத்து நாற்காலியில் இருந்த சின்னத்தாயியிடம் பழங்கதை பேசினார்.

“அந்தக் காலத்துல கேட்டுல நான் நின்னா ஒரு ஈ வெளிய போகாதும்மா. எவ எதக் கொண்டு போறான்னு நடையப் பாத்தே சொல்லிருவேன்.”

“அம்புட்டுக் கெட்டிக்காரரு, கால்ல ஆணி குத்துனதப் பாக்கலியாக்கும்?” என்றார் சின்னத்தாயி.

அறை சிரித்தது. அவரும் சிரித்தார். கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று நிமிடம் ஆகியிருந்தது. இடுக்கியால் காஸின் ஓரத்தைப் பிடித்து, ஒரே இழுப்பில் உரித்தேன்.

அவர் பேச்சு நிற்கவில்லை. சின்னத்தாயிக்கு ஏதோ பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பாதத்தில் அவருக்கு உணர்ச்சி கிடையாது. ஆணி குத்தியது தெரியாமல்தான் புண்ணே வந்தது. கோப்பில் முதல் வரியில் எழுதியிருந்தது. அதை எழுதியவளே நான். அவரை நோகடிப்பதற்காகச் செய்தேன், அவருக்கு நோகவில்லை. ஒரு வாரமாக வளர்ந்த சதை மட்டும் என் இடுக்கியில், துணியின் கண்களில், சிவப்புப் புள்ளிகளாக வந்திருந்தது. பள்ளம் முழுவதும் இரத்தம் ஊறியது.

கட்டுப் போட்டு அனுப்பினேன். அன்று தாள் வரையும் நாளும்கூட. கட்டுப் போடுவதற்கு முன்பே வரைய வேண்டியதை வரைந்திருந்தேன். பேனா பிடித்தபோது, கோட்டை ஒரு மயிரிழை உள்ளே தள்ளி வரைந்தால் யாருக்கும் தெரியாது என்ற எண்ணம் வந்தது. தள்ளவில்லை. என்னைப் பற்றி நல்லதாகச் சொல்ல அந்த நாளில் இருப்பது இது ஒன்றுதான்.

அக்கா வந்ததும் இரண்டு தாள்களையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். இரண்டாவது கோடு முதல் கோட்டுக்கு வெளியே இருந்தது.

“என்ன செஞ்ச?”

சொன்னேன். மில் வாசல், முந்தானை, மூன்று நிமிடம், எல்லாம். கதவு சாத்தியிருந்தது, திட்டு வரும் என்று நின்றேன். அவர் கத்தரிக்கோலைத் துடைத்துத் தட்டில் வைத்தார்.

“வேற ஆளுட்ட மாத்திவிடுங்கக்கா. நான் சின்னத்தாயம்மாவப் பாத்துக்கிடுதேன்.”

“மாத்த மாட்டேன்.”

“என்னால முடியலக்கா.”

“ஒன்னால முடியுமான்னு நான் கேட்டனா? அவரு காலுக்கு இன்னும் நாலரை வாரம் இருக்கு. ஒனக்கு அவரப் புடிக்கல. நல்லது. புடிச்சவுக காலுன்னா கை பழகிரும், கண்ணு அசந்துரும். நீ இனிமே அசர மாட்ட. நாளைக்கி ஒம்பது மணிக்கி முக்காலியில இரு.”

சற்று நேரம் கழித்து, சாவியைத் தேடிக்கொண்டே, “மூஞ்சியப் பாத்துப் பேரச் சொல்லு. ஒரு வாரமா சுவத்தப் பாத்துத்தான் சொல்லுத” என்றார்.

மறுநாள் சுவரில் ‘இருபது நிமிடம் ஊற வைக்கவும்’ என்று எழுதினேன். வேறு யாருக்காகவும் அல்ல.

அன்றிலிருந்து நான்கரை வாரம், ஞாயிறு உட்பட. ஞாயிற்றுக்கிழமை அறை திறக்காது; பூசை முடிந்து சாவியை வாங்கித் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்துப் பெயரைச் சொன்னேன். இருபது நிமிடம் நீளமானது. முகத்தைப் பார்த்துக்கொண்டு அவ்வளவு நேரம் பேசாமல் உட்கார முடியாது, அதனால் பேசினோம். இட்லிக்கு மகள் சட்னி தருவதில்லை, பொடிதான் என்பதும், செண்பகத்தோப்பில் அண்ணன் வைத்திருந்த மாந்தோப்புக்குள் யானை வந்த கதையும், மனைவி இறந்த பிறகு கால் நகத்தை வெட்டிவிட ஆளில்லை என்பதும் அந்த நிமிடங்களில் தெரிந்தவை. அவர்மேல் எனக்கு எந்தக் கனிவும் சுரக்கவில்லை. கனிவு வரட்டும், பிறகு செய்யலாம் என்று காத்திருந்தால் அந்தப் பாதம் போயிருக்கும். நகங்களை வெட்டினேன். காஸ் தானாகக் கழன்று வரும்வரை ஊற்றினேன். தாள்களில் கோடுகள் உள்ளே போகத் தொடங்கின: மூன்றாம் வாரம் முதல் கோட்டைத் தொட்டது, நான்காம் வாரம் அதற்குள் போனது, ஐந்தாம் வாரம் புளியங்கொட்டை அளவு.

ஆறாம் வாரம் மதுரைக்குப் போய் வந்தார். வந்த அன்று நடையிலேயே தெரிந்தது.

“தாயி! கால எடுக்க வேண்டாம்னுட்டாரு. யாரு கட்டுப் போடுதான்னு கேட்டாரு டாக்டரு. எங்க ஊருப் பிள்ளைன்னு சொன்னேன்.” கையில் அரைக் கிலோ பால்கோவா. “ஒங்க கையி ராசியான கையி.”

அந்தச் சொல்லை வாங்கிக்கொள்ள என்னால் முடியவில்லை. உப்புநீரை ஊற்றினேன், நேரம் பார்த்தேன், சொன்னேன்.

“அய்யா, ரெண்டாவது வாரத்துல ஒரு நாளு நான் ஊற வைக்காம இழுத்துட்டேன். தெரிஞ்சேதான் இழுத்தேன். அதுல ஒங்க புண்ணு பெரிசாச்சு.”

“எனக்கு வலிக்கவே இல்லியேம்மா.”

“வலிக்கணும்னுதான் இழுத்தேன்.”

அவர் ஊன்றுகோலை நேராகப் பிடித்தார். அம்மாவின் பெயரைச் சொன்னேன். நூல் சுற்றும் பிரிவு, இரண்டு கோன், முந்தானை. தழும்பு இருந்த புருவம் சுருங்கியது.

“ஞாபகம் இல்ல தாயி” என்றார் கடைசியில். “பொய் சொல்லல. தெனமும் எம்புட்டுப் பேர நிறுத்திருப்பேன்... ஒருத்தர் மொகமும் ஞாபகம் இல்ல.”

பதின்மூன்று வருடமாக அம்மா சுமந்து திரிந்தது அவரிடம் ஒரு நாளாகக்கூட இல்லை. இழுத்தவளுக்குத் தெரிந்து, அவருக்குத் தெரியாமல் போன அந்தச் செவ்வாய்க்கிழமையை நினைத்துக்கொண்டேன். கடிகாரம் இருபதைத் தொட்டது. காஸைத் தூக்கினேன். சுத்தமாக வந்தது.

கட்டி முடித்ததும் கேட்டார்: “ஒங்க அம்மாவ ஒரு தடவ நான் பாக்கணுமே. கையெடுத்துக் கும்புட்டுட்டு வந்துருதேன்.”

“கேட்டுட்டுச் சொல்லுதேன்” என்றேன்.

அன்று சனிக்கிழமை. மாலையில் வீட்டுக்குப் போனபோது அம்மா உருட்டிக்கொண்டிருந்தார். சிறிய இரும்புக் கைப்பிடியைச் சுற்றச் சுற்ற வெள்ளைத் துணி இறுகிச் சுருண்டது. எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். கைப்பிடி நின்றது.

“காலு நல்லாருக்கா?”

“நல்லாருக்கும்மா. எடுக்க வேண்டாம்னுட்டாங்க.”

“நல்லாருக்கட்டும். இங்க வர வேண்டாம்.” பிறகு, துணியைப் பார்த்தபடியே கேட்டார்: “நான் உருட்டுனத்தான் சுத்துனியா?”

“ஆமா.”

“எத்தன நாளு?”

“ஆறு வாரம்.”

“இனிமே சுத்தாத.”

எனக்குள் ஒரு பதில் தயாராக இருந்தது. மறைக்கல்வி வகுப்பில் படித்தது. பகைவரிடமும் அன்பு என்று தொடங்குவது. வாயைத் திறந்தேன். அம்மா என்னைப் பார்த்தார்.

“எனக்கும் தெரியும்ட்டி. பரலோக மந்திரத்துல ‘தீமை செய்வோரை நாங்கள் பொறுப்பது போல’ன்னு வரும்போதெல்லாம் அவன் மொகந்தான் வருது. முடியல ஆண்டவரேன்னு சொல்லிட்டுத்தான் அடுத்த வரிக்கிப் போறேன். ஆண்டவருக்கும் எனக்கும் அதுல பேச்சு நடந்துக்கிட்டுத்தான் இருக்கு. நடுவுல நீ புகுந்து, எனக்குப் பதிலா ஏன் முடிச்சி வைக்க?”

நான் உட்கார்ந்தேன். அவர் சொன்னது சரி. ஆறு வாரமாக என் கையால் செய்ததை மட்டும் கணக்கில் வைத்திருந்தேன். அம்மாவின் கை அதில் கேட்காமல் சேர்க்கப்பட்டிருந்தது. ஒரு மனிதர் அம்மாவை வரிசையிலிருந்து இழுத்து நிறுத்தும்போது அம்மாவின் சம்மதத்தைக் கேட்கவில்லை. அன்பின் பேரிலேயே ஆனாலும், நானும் கேட்கவில்லை.

“சரிம்மா” என்றேன். கைப்பிடி மறுபடி சுற்றத் தொடங்கியது. நான் கொண்டுபோயிருந்த பால்கோவாப் பெட்டியை அம்மா பிரிக்கவும் இல்லை, தூர வைக்கவும் இல்லை.

மறுநாள் ஞாயிறு. முதல் பூசை முடிந்து ஒன்பது மணிக்கு அறையைத் திறந்தேன். அலமாரித் தட்டில் அம்மா உருட்டியவை பதினொன்று இருந்தன. அவற்றை எடுத்து, சின்னத்தாயியின் பெயர் எழுதிய பெட்டிக்குள் அடுக்கினேன். துணிச் சுருளிலிருந்து நான்கு அங்குலப் பட்டையை நானே வெட்டினேன். கைப்பிடி இல்லாததால் தொடைமேல் வைத்துக் கையால் உருட்டினேன். ஓரம் கோணியது, நூல் பிரிந்து தொங்கியது. அவிழ்த்து மறுபடி உருட்டினேன். மூன்றாம் முறை சுமாராக வந்தது.

வாசலில் ஊன்றுகோல் சத்தம் கேட்டது. முக்காலியில் உட்கார்ந்தேன்.

“வாங்க ராமசுப்பு அய்யா” என்றேன், முகத்தைப் பார்த்து. “அம்மா வர வேண்டாம்னுட்டாங்க. கால நீட்டுங்க.”

அவர் நீட்டினார். உப்புநீரை ஊற்றிவிட்டு நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பது மணி பத்து நிமிடம்.